வலசைக் காலத்தில் பூங்காவில் பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு

சென்னையில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஆவணி வெயில் புரட்டாசியிலும் நீண்டு, ஐப்பசி மழையில்தான் அடங்குகிறது. ஆனால் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலையிலும் குளிர் இறங்கத் தொடங்கியதும், அங்கே குஞ்சு பொரித்து முடித்த பறவைகள் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை அவை அலையலையாக நம் ஊரில் வந்து இறங்கும். சில மார்ச், ஏப்ரல் வரை இங்கேயே தங்கும். சில இரண்டொரு நாள் இளைப்பாறிவிட்டு இலங்கைப் பக்கம் போய்விடும்.

இதைப் பார்க்க வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ போயாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். போகலாம், நல்ல இடங்கள்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் நாரைகளைப் பார்த்துவிட்டு வருபவருக்கு வலசை என்பது கண்ணில் படாது. போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கிறது, அவ்வளவுதான் வலசை. அந்த வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதற்கு வீட்டுப் பக்கத்துப் பூங்காவை விட வசதியான இடம் கிடையாது.

எந்தப் பூங்கா?

நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பஸ் பிடித்துப் போக வேண்டிய பூங்காவுக்கு மூன்றாம் வாரத்திலிருந்து போக மாட்டீர்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் கதவு திறந்திருக்க வேண்டும். டிக்கெட் கவுண்டர் வைத்துப் பத்து மணிக்குத் திறக்கும் அழகான பூங்காக்கள் இந்த வேலைக்கு உதவாது. அடுத்து, வயதான மரங்கள் சிலவாவது வேண்டும். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர் கோபுரப் பூங்கா, தியாகராய நகர் நடேசன் பூங்கா போன்றவை சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கும் பசுந்திட்டுகள். இரவெல்லாம் பறந்து வரும் குருவிக்கு விடியற்காலையில் கீழே தெரிவது இப்படிப்பட்ட சில திட்டுகள்தான். அதனால் சின்னப் பூங்கா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இறங்க வேறு இடம் இல்லாதபோது பறவைகள் அங்கேதான் குவிகின்றன.

பூங்கா எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் பறவை இருக்கும் என்பது என் அனுபவம். புல்தரையை வெட்டி, சருகை எல்லாம் பெருக்கி, புதரைச் சதுரமாகக் கத்தரித்து வைத்த இடத்தில் மைனாவும் காகமும்தான் மிஞ்சும். பம்ப் அறைக்குப் பின்னால், உரக்குழிக்குப் பக்கத்தில், யாரும் நடக்காத ஒரு மூலை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு மூலை இருந்தால் அந்தப் பூங்கா தேறும்.

முதலில் உள்ளூர்ப் பறவைகள்

ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். புதிதாக வந்தவரை அடையாளம் காண, ஏற்கெனவே இருப்பவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். சென்னைப் பூங்காவில் ஆண்டு முழுவதும் இருப்பவை ஒன்றும் பெரிய பட்டியல் இல்லை. வீட்டுக்காகம், அண்டங்காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தையல்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, குக்குறுவான், பச்சைக்கிளி, குயில், செண்பகம், குண்டுகரிச்சான், மரங்கொத்தி, வெண்மார்பு மீன்கொத்தி, வால்காக்கை, புள்ளி ஆந்தை, வல்லூறு. இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். குரலால் சொல்லப் பழகினால் இன்னும் நல்லது. தையல்சிட்டு அத்தனை சின்ன உடம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு உரக்கக் கத்தும் என்பதைக் கேட்டுப் பழகிவிட்டால், செப்டம்பரில் அதே புதரிலிருந்து வேறொரு சத்தம் வரும்போது காது தானாகத் திரும்பும்.

என்ன வேண்டும்?

ஒரு பைனாகுலர், ஒரு குறிப்பேடு, பென்சில், கொசுக்கடிக்கு ஏதாவது பூச்சு. கேமரா இப்போதைக்கு வேண்டாம். கேமரா கையில் இருந்தால் பறவையைப் பார்ப்பதற்குப் பதிலாகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், காட்சிப் பரப்பும் குறுகும், இலைகளுக்கு நடுவே தாவும் கதிர்க்குருவியைப் பிடிக்கவே முடியாது. பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே தொடங்குபவருக்குப் போதுமானது கிடைக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் பைனாகுலரில் கண் வைக்கும் முனையிலுள்ள விளிம்பை உள்ளே திருகித் தாழ்த்திக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்க வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலர் செய்வதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அதே பலகையை வலது கண்ணால் பார்த்து, வலது கண் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இனி அந்த வளையத்தைத் தொடக்கூடாது. நடுச் சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாமல் தலை வலிக்கிறது என்று பைனாகுலரைப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் ஏராளம்.

பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். கீழே குனிந்து அதைத் தேடிவிட்டு நிமிர்ந்தால் பறவை போயிருக்கும். மொட்டை மாடியில் காகங்களை வைத்து இரண்டு மாலை பயிற்சி செய்தால் கை வந்துவிடும். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். பூங்காவிலும் அப்படித்தான். காவலாளியிடமும் தோட்டக்காரரிடமும் முதல் நாளே இன்னதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. சந்தேகம் தீர்வது ஒருபுறம் இருக்கட்டும், “அண்ணே, புதுசா ஏதாவது குருவி கண்ணுல பட்டுச்சா?” என்று கேட்டால் அவர்கள் சொல்லும் சேதி எந்தச் செயலியிலும் கிடைக்காது.

எப்போது போவது?

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பயணம் செய்கின்றன. இரவுக் காற்று குளிர்ச்சியாகவும் நிதானமாகவும் இருக்கும், வேட்டைப் பறவைகளின் தொல்லை இல்லை, பகல் முழுவதையும் இரை தேட வைத்துக்கொள்ளலாம். விடியும் நேரத்தில் இறங்கி, இறங்கிய பசியோடு உடனே மேயத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு முக்கியம். எட்டு மணிக்கு மேல் வெயிலும் ஏறிவிடும், நடைப்பயிற்சிக் கூட்டமும் சேர்ந்துவிடும். காலையில் முடியாதவர்கள் மாலை நாலரைக்கு மேல் போகலாம். குளிக்க வரும் பறவைகளைப் பார்க்க அந்த நேரம் காலையை விடவும் வாய்ப்பானது.

வானிலை அறிக்கையைக் கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால் இப்போது ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இரவில் மழை பெய்து விடியலில் விட்டிருந்தால், அன்று எப்பாடுபட்டாவது போய்விட வேண்டும். பறந்துகொண்டிருந்தவை மழையில் மேலே தொடர முடியாமல் கிடைத்த மரத்தில் இறங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்குகிறது. வலசையின் உச்சமும் அதே நாள்களில்தான். ஆனால் காற்று வீசும் நாளில் மரத்தடியில் நிற்க வேண்டாம். குல்மோகர் கிளை சொல்லிக்கொண்டு முறிவதில்லை.

எப்படி நடப்பது?

நடக்காமல் இருப்பதுதான் நல்லது. ஒரு பாதையை வகுத்துக்கொண்டு, அதில் நான்கைந்து இடங்களை முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள், அல்லது பெஞ்சில் உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் அதே பாதை, அதே இடங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

நிற்க வேண்டிய இடங்களில் முதலாவது, முன்பு சொன்ன சருகு மூலை. அடுத்தது கசியும் குழாய் அல்லது தோட்டத்து நீர்த் தேக்கம். மூன்றாவது தூங்குமூஞ்சி மரம். அதன் அகன்ற கவிகையில் பூச்சிகள் நிறைய, அதனால் ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் அங்கே சுற்றும். ஆலோ அரசோ அத்தியோ பழுத்திருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதனடியில் நின்றுவிடலாம். அவ்வப்போது மேலே வானத்தையும் மின்கம்பிகளையும் பாருங்கள். தரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தகைவிலான்களைத் தவறவிடுகிறார்கள்.

இலைக்கூட்டத்தில் பறவையைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். காற்றில்லாத காலையில் ஒரு கொத்து மட்டும் ஆடினால் அங்கே ஏதோ இருக்கிறது. இரட்டைவால் கரிச்சானும் தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் ஒரே கிளையைப் பார்த்துக் கூச்சல் போட்டால், அங்கே ஆந்தையோ வல்லூறோ உட்கார்ந்திருக்கும்.

யார், எப்போது?

ஆகஸ்ட் கடைசியிலேயே சாம்பல் வாலாட்டி வந்துவிடும். மஞ்சள் வயிறும் நீண்ட வாலுமாக நீரோரத்தில் ஒற்றையாக நடந்துகொண்டிருக்கும். குளம் இருக்கும் பூங்காவானால் கரையில் உள்ளானும் இருக்கலாம். அதே நாள்களில், வேலிப் புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல ‘செக், செக்’ என்று ஒரு குரல் கேட்கத் தொடங்கும். அது நாணல் கதிர்க்குருவிகளில் ஒன்று, பிளித் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், சிட்டுக்குருவியை விடச் சிறியது, 12 கிராம் அளவில்தான் எடை. பால்டிக் கரையிலிருந்து சைபீரியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டும் இது, நம் தெருச் செம்பருத்திக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கண்ணில் படுவது அபூர்வம். பரவாயில்லை, காதால் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதலாம். என்னைக் கேட்டால் வலசைக் காலத்தின் உண்மையான நாயகன் இந்தக் குருவிதான். படம் எடுக்க வருபவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

செப்டம்பரில் வேகம் கூடும். மர உச்சியில் பச்சைக் கதிர்க்குருவியின் குரல் கேட்கும். பட்ட கிளை நுனியில் பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும்: மைனாவை விடச் சற்றுச் சிறியது, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, கொக்கி மூக்கு, எரிச்சல் வந்தவரைப் போன்ற கரகரத்த குரல். கீச்சான் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. அடுத்த ஆண்டும் அதே கிளைக்குத் திரும்பிவரக் கூடியது என்பதால் இடத்தைக் குறித்து வையுங்கள். தலைக்கு மேலே உருளும் குரலோடு கூட்டமாகப் பறப்பவை நீலவால் பஞ்சுருட்டான்கள். நம் ஊரிலேயே இருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான் இதைவிடச் சிறியது. வந்தவருக்குத் தொண்டை செம்பழுப்பு, வால் நீலம்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் அரசவால் ஈப்பிடிப்பான். வளர்ந்த ஆணுக்கு வெள்ளை உடலும் கறுத்த தலையும் ரிப்பன் போன்ற நீண்ட வாலும் இருக்கும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதிகம் கிடைப்பது பெண்ணும் இளம் பறவையும். அவற்றுக்குச் செம்பழுப்பு முதுகு, கொண்டை, குட்டை வால். அவசரத்தில் கொண்டைக்குருவி என்று கடந்துபோய்விடுவார்கள். முதுகின் நிறத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். பழுப்பு ஈப்பிடிப்பானும் இந்தச் சமயத்தில் வரும். முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும் என்பதால் தொடங்குபவருக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் பறவை வேறில்லை.

அக்டோபரின் பெரிய வரவு ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. பச்சை முதுகு, இளம் பழுப்பு மார்பு, அடிவயிற்றில் சிவப்பு, சிறகில் நீலம், கண் வழியே கறுப்புப் பட்டை, வால் என்று சொல்ல ஒன்றுமில்லாத குட்டை வால். இத்தனை நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் தெரியாது. சென்னையில் அக்டோபரில் சூரியன் எழுவதும் மறைவதும் ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான்; அந்த இரண்டு வேளையும் அது இரட்டைச் சீழ்க்கை ஒன்றை எழுப்பும். அந்த நேரத்தில் சருகு மூலையருகே உட்கார்ந்து காத்திருங்கள். சருகைப் புரட்டும் ஓசை கேட்டால் தவிட்டுக்குருவியாக இருக்கலாம், செந்தலைப் பூங்குருவியாகவும் இருக்கலாம். தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து ஓயாமல் பேசிக்கொண்டே புரட்டும். ஆறுமணிக்குருவியும் பூங்குருவியும் தனியாக, சத்தமின்றி வேலை பார்க்கும்.

அக்டோபரில் மாங்குயிலும் பழ மரங்களுக்கு வந்துவிடும். நவம்பரில் புதியவர்கள் குறைந்து, வந்தவர்கள் தத்தம் இடத்தில் நிலைகொண்டுவிடுவார்கள்.

வாலைப் பாருங்கள்

நிறம் ஏமாற்றும், அளவும் ஏமாற்றும். வால் ஆட்டும் விதம் அவ்வளவாக ஏமாற்றாது. சாம்பல் வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டும். கொடிக்கால் வாலாட்டி மட்டும் பின்னுடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். சீனா, கொரியா, கிழக்கு ரஷ்யப் பகுதிகளில் கூடு கட்டும் இது மர நிழலில் நடந்து திரியும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். உள்ளான் வாலோடு பின்பகுதி முழுவதையும் ஏற்றி இறக்கும்.

ஒரு பறவையைப் பார்த்ததும் புத்தகத்தையோ கைப்பேசியையோ திறக்காதீர்கள். பறவை இருக்கும்வரை பறவையைப் பாருங்கள். போன பிறகு முதலில் எழுதுங்கள்: நேரம், இடம், எவ்வளவு உயரத்தில் இருந்தது, காகம், மைனா, சிட்டுக்குருவி இவற்றில் எந்த அளவு, என்ன செய்துகொண்டிருந்தது, வால், அலகு, குரல். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பார்க்காததையும் பார்த்ததாக மனம் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கையேட்டைப் புரட்டலாம். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், உதவிதான். ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்ற வேண்டாம். கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தும். செயலி வல்லூறு என்று நம்பிவிடும். பறவையைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். பெயர் தெரியாமல் போனவற்றை ‘தெரியவில்லை’ என்றே எழுதி வையுங்கள். கதிர்க்குருவிகளில் பாதி அப்படித்தான் முடியும், அனுபவசாலிகளுக்கும்.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் குறிப்புகளைப் பதிவு செய்தால் உங்கள் பூங்காவின் வரவு செலவு ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். அபூர்வப் பறவைகளை மட்டும் அல்லாமல் அடையாளம் கண்ட எல்லாவற்றையும், காகத்தையும் சேர்த்து, எண்ணிக்கையோடு பதியுங்கள். துணை வேண்டுமென்றால் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற பழைய அமைப்புகள் இருக்கின்றன. ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம்.

செய்யக்கூடாதவை

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். ஆறுமணிக்குருவி விஷயத்தில் இது மிக அதிகமாக நடக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, இல்லாத போட்டியாளரைத் தேடி அலைகிறது. படம் எடுத்தவர் போய்விடுகிறார். புதருக்குள் இறங்கித் துரத்துவதும் கூடாது. அபூர்வமான ஒன்று வந்திருந்தால் இடத்தை உடனே ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். இரண்டு நாள் பொறுத்துச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் ஒரு மூலையில் மட்டும் சருகைப் பெருக்காமல் விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் ஒரு வேலை குறைகிறது.

கீழே விழுந்த பறவை கிடைத்தால்

வலசைக் காலத்தில் இது நடக்கும். விளக்கு வெளிச்சத்தில் குழம்பியோ கண்ணாடி ஜன்னலில் மோதியோ, களைத்த பறவை மாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுந்து கிடக்கும். பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாகத்தான் இருக்கும். காகங்கள் சூழ்ந்துகொள்வதற்குள் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். பெட்டியை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சோறும் தானியமும் வேண்டாம், இது பூச்சி தின்னும் பறவை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவது, கையில் வைத்துப் படம் எடுப்பது எல்லாம் அதன் பயத்தைக் கூட்டும்.

மோதலில் மயங்கியது மட்டும்தான் என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்கும். அப்போது பூங்காவின் அடர்ந்த புதருக்குப் பக்கத்தில், காகங்கள் இல்லாத நேரம் பார்த்து, பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் விலங்கு மீட்பு அமைப்பையோ வனத்துறையையோ அழையுங்கள். குணமாக்குகிறேன் என்று வீட்டில் கூண்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.